இரவு முழுக்கத் தெருக்கூத்து பதிவு: எந்த மிரர்லெஸ் கேமரா வாங்கலாம்? 4கே அவசியமா?

ஆரணிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும். பத்து ராத்திரி. இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடியும்வரை ஓடும். கடைசி நாள் காலையில் துரியோதனன் சாகும் படுகளம். என் பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல் துரியோதனன் வேஷம் கட்டுகிறார். இப்போது முழங்கால் விட்டுப்போச்சு. இன்னும் ரெண்டு மூணு வருஷம்தான் ஆடுவேன் என்கிறார். அவர் ஆடும்போதே பத்து ராத்திரியையும் ஒரு நிமிஷம்கூட விடாமல் எடுத்து வைக்க வேண்டும்.

2013-ல் ஒரு வீடியோ கேமராவை இரவல் வாங்கி முழு எச்டியில் (1920×1080 புள்ளி) எடுத்தேன். அப்போது வீட்டில் இருந்த சின்ன டிவியில் நன்றாகத்தான் தெரிந்தது. போன மாசம் தம்பி வீட்டில் 55 இன்ச் 4கே (3840×2160 புள்ளி) டிவி வந்தது. அதில் போட்டுப் பார்த்தோம். பெரியப்பா முகத்தில் அரிதாரத்துக்கு மேல் வரிசையாக வெள்ளைப் புள்ளி வைத்து எழுதியிருப்பார்கள். அந்த வரிசை மொத்தமும் ஒரு வெள்ளைத் தீற்றலாகிவிட்டது. கிரீடத்தில் பதித்த கண்ணாடிச் சில்லுகள், அவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் கட்டம் கட்டமாக உடைகின்றன. பெரியப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். "என் மூஞ்சி எங்கடா?" என்றார். எனக்கு பதில் சொல்லத் தெரியவில்லை.

லென்ஸ் சேர்த்து ஒன்றரை லட்சம் வரை புரட்ட முடியும். பழைய கேமரா என்றாலும் சரி. வெளிச்சம் எல்லாம் டியூப்லைட்டும் எல்இடி ஃபோகஸ் லைட்டும்தான். கரண்ட் போனால் ஜெனரேட்டர். கடையில் கேட்டால் "4கே, 6கே, 8கே" என்று எண் சொல்கிறார்கள். எந்த எண்ணை நம்புவது?


கல்யாண_ரீல் (வேலூர்):

தம்பி, எத்தனை "கே" என்பதை அப்புறம் பார்ப்போம். எத்தனை மணி நேரம் நிற்காமல் ஓடும் என்று முதலில் கேளுங்கள்.

ரொம்ப வருஷம் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய) கேமராக்களில் 29 நிமிஷம் 59 விநாடியில் பதிவு தானாக நின்றுவிடும். அரை மணிக்கு மேல் பதிந்தால் அது வீடியோ கேமரா என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் கூடுதல் சுங்கம். அதற்காக வைத்த கட்டு அது. இப்போது புது மாடல்களில் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். ஆனால் பழைய கேமரா வாங்கப் போகிறீர்கள், அதனால் இதைக் கட்டாயம் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது சூடு. 2020-ல் கேனான் ஆர்5 வந்தபோது 8கே பதிவு 20 நிமிஷம்தான் என்று கேனானே அறிவித்தது. அதுவும் 23 டிகிரி அறையில். பங்குனி, சித்திரையில் உங்கள் ஊரில் நடு ராத்திரியிலும் அந்த 23 டிகிரி கிடைக்காது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்த கேமரா என்பது வேண்டாம். வெளிப் பந்தலில் கல்யாணம். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சூடு ஏறி அணைந்துவிட்டது. குளிர்ந்த தண்ணி பாட்டிலை அணைத்து வைத்து, விசிறி, எல்லாம் செய்தோம். திரும்ப உயிர் வந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அன்றிலிருந்து உள்ளே ஃபேன் இல்லாத கேமராவை நீண்ட வேலைக்கு நான் எடுத்துப் போவதில்லை.


ஒளியியல்_ஆசிரியர்:

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன் நான். 4கே அவசியமா என்று கேட்டதால் கணக்கைச் சொல்கிறேன்.

நல்ல கண் பார்வை பிரித்தறியும் கோணம் சுமார் ஒரு ஆர்க்நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 55 இன்ச் திரையின் அகலம் ஏறக்குறைய 122 செ.மீ. முழு எச்டியில் அதில் 1920 புள்ளிகள். அந்தப் புள்ளிகள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாமல் போகும் தூரம் சுமார் 2.2 மீட்டர், ஏழடி. நம் வீடுகளில் சோபா பத்தடி தள்ளித்தான் இருக்கிறது. அங்கிருந்து எச்டியும் 4கேவும் கண்ணுக்கு ஒன்றே.

திரையரங்கையும் பாருங்கள். டிஜிட்டல் சினிமாவின் 2கே தரம் 2048×1080. நம் டிவி எச்டியைவிட அகலத்தில் 128 புள்ளிகள்தான் கூடுதல். 2010-ல் வந்த ஆரி அலெக்ஸா 2.8கே கேமரா, அதில் எடுத்தவை எத்தனை பெரிய திரைகளில் ஓடின! பழைய பதிவு கெட்டுத் தெரிந்ததற்குக் காரணம் எச்டி அல்ல, அந்தக் கேமராவின் சிறிய சென்சாரும் (ஒளியை வாங்கும் சில்லு) குறைந்த பிட்ரேட்டும் (விநாடிக்குப் பதியும் தரவு) என்பது என் கருத்து. நல்ல லென்ஸ், நல்ல எச்டி போதும்.


செல்வி_எடிட் (சென்னை):

ஐயா சொன்ன டிவி கணக்கு சரி. ஆனால் இந்தப் பதிவை யார், எங்கே உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள்? கூத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பிள்ளை டிவி முன்னால் பத்தடி தள்ளி உட்காராது. மேசையில் 27 இன்ச் மானிட்டர் முன்னால் இரண்டடியில் உட்காரும். அதே கணக்கை அங்கே போடுங்கள். 27 இன்ச்சில் எச்டி புள்ளிகள் மறைய ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி உட்கார வேண்டும். 4கே என்றால் 54 செ.மீ. போதும். நாங்கள் எல்லாரும் உட்காருவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அதனால்தான் மேசையில் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது, ஹாலில் தெரிவதில்லை.

இன்னொன்று, 4கே என்று பெட்டியில் போட்டிருப்பதெல்லாம் ஒரே 4கே கிடையாது. சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தைத்தான் வாங்கும்: பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். மீதியை கேமரா பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. 3840 புள்ளி அகலத்தை அப்படியே 3840-ஆகப் பதிந்தால் படம் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும். 24 மெகாபிக்சல் சென்சாரில் அகலத்துக்கு 6000 புள்ளி. அது முழுவதையும் படித்து 3840-க்குச் சுருக்கும் கேமராவில் அந்த ஊகம் அடிபட்டுப் போய் விளிம்பு கூர்மையாக வரும். 2014-ல் வந்த பானாசோனிக் ஜிஎச்4, உள்ளேயே 4கே பதிந்த முதல் மிரர்லெஸ். அது சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தது. 2017-ல் ஜிஎச்5 வந்தபோது முழு அகலத்தையும், 5184 புள்ளிகளையும், படித்துச் சுருக்கியது. என் மேசைக்கு இரண்டும் வந்திருக்கின்றன. பட்டுப் புடவை ஜரிகையில் வித்தியாசம் ஒரு பார்வையில் தெரியும்.

சில கேமராக்கள் வரிசைகளைத் தாண்டித் தாண்டிப் படிக்கும். அவற்றில் நெருக்கமான கோடுகள் வானவில் அலை மாதிரி ஓடும். கூத்தில் புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் சின்னச் சின்ன வேலைப்பாடுதானே? அங்கே இது மானத்தை வாங்கிவிடும்.

அப்புறம் 10-பிட். 8-பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படி, 10-பிட்டில் 1024 படி. பகலில் எடுத்தால் பெரிதாகத் தெரியாது. ராத்திரிக் கூத்தில் வெளிச்சம் நடுவிலிருந்து இருட்டுக்குள் மெல்ல மங்கும் இல்லையா, அந்த மங்கலில் 8-பிட் படிக்கட்டு மாதிரி கோடு போடும். எடிட்டிங்கில் கொஞ்சம் தூக்கினாலே வெளியே வந்துவிடும்.


ஒளியியல்_ஆசிரியர்:

மேசைக் கணக்கை ஏற்கிறேன் அம்மா. நான் பார்வையாளர் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டேன். ஆரணித் தம்பி, களத்தின் அகலம் எவ்வளவு, அந்த வெள்ளைப் புள்ளி எவ்வளவு பெரிது என்று சொல்ல முடியுமா?


ஆரணிக்காரன்:

ஐயா, ஆடும் இடம் இருபதடி இருக்கும். புள்ளியை நேற்று அளந்தேன். துடைப்பக் குச்சி நுனியை மாவில் தொட்டு வைக்கிறார்கள். அரை சென்டிமீட்டருக்குள்தான். இரண்டு புள்ளிக்கு நடுவே இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவே.


ஒளியியல்_ஆசிரியர்:

அப்படியானால் என் முதல் பதிவைத் திருத்திக்கொள்கிறேன். இருபதடி என்பது 6.1 மீட்டர். களம் முழுவதும் ஒரே சட்டகத்தில் வந்தால், எச்டியில் ஒரு பிக்சலுக்கு 3.2 மி.மீ. உங்கள் புள்ளி ஒன்றரை பிக்சல், இடைவெளி ஒன்றரை பிக்சல். சென்சாரின் ஊகமும் சுருக்கமும் சேர்ந்தால் அது தீற்றலாகத்தான் ஆகும். உங்கள் பெரியப்பாவின் முகம் போனது இங்கேதான். 4கேயில் ஒரு பிக்சலுக்கு 1.6 மி.மீ. புள்ளிக்கு மூன்று பிக்சல், இடைவெளிக்கு மூன்று. கேமரா நேர்மையாகப் பதிந்தால் வரிசை பிரிந்து நிற்கும்.

பார்க்கும் திரையின் தூரத்தை மட்டும் வைத்து 4கே வேண்டாம் என்று சொன்னது தவறு. பதிவாகாத புள்ளியை எந்தத் திரையும் திருப்பித் தராது.


யாழ்_வளவன்:

வணக்கம் எல்லாருக்கும். நாங்கள் இங்கை நாட்டுக்கூத்து ரெண்டு மூண்டு தரம் பதிஞ்சனாங்கள், அதால சொல்லுறன்.

தம்பி, கமெராவை எடுத்த உடனை மெனுவுக்குள்ளை போய் பால் (PAL) முறைக்கு, 50 ஹேர்ட்ஸுக்கு மாத்துங்கோ. எங்கடை நாட்டிலையும் உங்கடை நாட்டிலையும் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறையும். செக்கனுக்கு 25 பிரேமிலை (படத்திலை), ஷட்டர் திறந்திருக்கிற நேரத்தை 1/50 செக்கன் வைச்சா ஒவ்வொரு பிரேமுக்கும் சரியா ரெண்டு துடிப்பு விழும், வெளிச்சம் சமனா நிக்கும். நாங்கள் முதல் முறை 30 பிரேம், 1/60 எண்டு விட்டிட்டம். கமெராவின்ரை சின்னத் திரையிலை ஒண்டும் தெரியேல்லை. வீட்டை வந்து பெரிய திரையிலை போட்டா, முழுப் படத்திலையும் கறுப்புப் பட்டை மேலையும் கீழையும் நீந்துது. கூத்துப் பழக்கிற அண்ணாவியார் பக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டிருந்தவர். ஒரு இரவு உழைப்பு, ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சு.

ஜெனரேட்டர் ஓடேக்கை அது சரியா 50-இலை நிக்காது, 48, 52 எண்டு அலையும். பானாசோனிக்கிலை சின்க்ரோ ஸ்கேன் எண்டு ஒண்டு இருக்கு. ஷட்டரை நுணுக்கமா நகர்த்தி அந்தப் பட்டை நிக்கிற இடத்தைப் பிடிக்கலாம். வாங்க முதல் இதைப் பாருங்கோ.


ஆரணிக்காரன்:

வளவன் அண்ணா, ரொம்ப நன்றி. இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. 2013 பதிவில் அந்தப் பட்டை எனக்கும் இருக்கிறது. கேசட் கோளாறு மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று கேட்கிறேன். 8கேயில் எடுத்தால் புள்ளிக்கு ஆறு பிக்சல் கிடைக்குமே? ஒரே தடவை எடுப்பது, பெரியதாகவே எடுத்துவிடலாமா?


செல்வி_எடிட்:

தம்பி, எடுப்பது ஒரு ராத்திரி இல்லை, பத்து. 4கே 25 பிரேம், 10-பிட், 150 மெகாபிட் என்று வைத்தாலே மணிக்கு 67.5 ஜிபி. எட்டு மணி நேரத்துக்கு 540 ஜிபி. பத்து ராத்திரிக்கு 5.4 டிபி. ஒரு பிரதி மட்டும் வைப்பது பதிவே செய்யாததற்குச் சமம், அதனால் இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டு வீட்டில். ஆக 11 டிபி கிட்ட. 8கேயில் புள்ளிகள் நாலு மடங்கு. இந்த எண்ணையும் சூட்டையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். அந்தக் காசுக்கு முகத்தை மட்டும் எடுக்க இன்னொரு பழைய கேமரா வாங்கலாம். அதில் புள்ளிக்கு இருபது பிக்சல்கூடக் கிடைக்கும்.

கார்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். 150 மெகாபிட் என்பது விநாடிக்கு 19 எம்பிக்குள். வி30 கார்டு குறைந்தது 30 எம்பி தாங்கும், அது போதும். வி90 எல்லாம் உங்களுக்கு வீண் செலவு. ஆனால் இரண்டு கார்டு போடும் இடம் உள்ள கேமராதான் வேண்டும். ஒன்று நிறைந்ததும் மற்றதற்குத் தானே தாவ வேண்டும். நீங்கள் நிறைந்ததை உருவி வேறு போட வேண்டும்.

உங்களிடம் என்ன கம்ப்யூட்டர் இருக்கிறது? எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை), 10-பிட், 4:2:2 (நிற விவரத்தைக் கூடுதலாக வைக்கும் முறை) கோப்பு பழைய மெஷினில் நின்று நின்று ஓடும். இன்டெல்லில் 11ஆம் தலைமுறை முதல் உள் கிராஃபிக்ஸ் அதை வன்பொருளில் பிரிக்கும், ஆப்பிள் எம்1 முதல் பிரிக்கும். என்விடியாவில் 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முன்னால் 4:2:2-க்கு அந்த வசதி இல்லை. விலை அதிகமான கிராஃபிக்ஸ் கார்டு போட்டும் ஏன் ஓடவில்லை என்று என்னிடம் கேட்பவர்கள் நிறையப் பேர். இல்லாவிட்டால் பிராக்ஸி, அதாவது சின்னக் கோப்பாக மாற்றி வெட்டிவிட்டுக் கடைசியில் பெரியதைப் பொருத்துவது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு 3840×2160 வரை வெளியே எடுக்க விடும். உங்களுக்கு அது போதும்.


கல்யாண_ரீல்:

சரி, இப்போது பெயருக்கு வருவோம். ஒன்றரை லட்சத்துக்குள் நான் பார்ப்பது இவைதான்.

சோனி இசட்வி-இ10, 2021 மாடல். எல்லாக் கடையிலும் முதலில் இதைத்தான் காட்டுவார்கள். யூடியூப் பிள்ளைகளுக்கு நல்ல கேமரா. ஆனால் 8-பிட், ஒரே கார்டு. உங்கள் வேலைக்கு ஆகாது. 2024-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 10-பிட் வந்துவிட்டது, பெரிய பேட்டரி வந்துவிட்டது, கார்டு இன்னும் ஒன்றுதான்.

கேனான் ஆர்50. 6கேயிலிருந்து சுருக்கித் தரும் 4கே ரொம்ப அழகு. ஒரே கார்டு, ஃபேன் கிடையாது. கூத்துக்கு வேண்டாம்.

சோனி எஃப்எக்ஸ்30. ஃபேன் இருக்கிறது, இரண்டு கார்டு, 10-பிட், பெரிய எச்டிஎம்ஐ துளை. பிறந்ததே இந்த மாதிரி வேலைக்கு. பாடி மட்டுமே உங்கள் பட்ஜெட்டைத் தின்றுவிடும்.

பானாசோனிக் ஜிஎச்5. பழசு, ஆனால் குதிரை. நேரக் கட்டு இல்லை, இரண்டு கார்டு, 10-பிட். சென்சார் சின்னது, இருட்டில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600, 3200 தாண்டினால் படத்தில் புள்ளி இரைச்சல். ஆட்டோஃபோகஸ் வீடியோவில் மூச்சு வாங்கும். யூஎஸ்பி வழியாகக் கரண்ட் எடுக்காது, டம்மி பேட்டரி (வெளியிலிருந்து கரண்ட் தரும் பேட்டரி வடிவ இணைப்பு) போட வேண்டும்.

பானாசோனிக் எஸ்5 II, 2023. முழுச் சட்டகச் சென்சார் (36 மி.மீ. அகலம்), உள்ளே ஃபேன், நேரக் கட்டு இல்லை, இரண்டு கார்டு, 6கேயிலிருந்து சுருக்கிய 4கே. வி-லாக்கில் (பின்னால் நிறம் திருத்த வசதியாக வெளிறிய படமாகப் பதியும் முறை) அடிப்படை ஐஎஸ்ஓ இரண்டு: 640, 4000. அந்த 4000 உங்களுக்காகவே வைத்தது மாதிரி. பவர் பேங்கிலிருந்தே ஓடும். பழைய பாடி தேடினால் உங்கள் கைக்கு எட்டும். நான் இதைச் சொல்வேன்.


செல்வி_எடிட்:

நான் ஜிஎச்5 இரண்டு வாங்கச் சொல்வேன். ஒன்று களம் முழுக்க, ஒன்று முகம். ஒரு கேமரா எவ்வளவு நல்லதானாலும் ஒரு கேமராதான், பாதியில் நின்றால் அந்த ராத்திரி போச்சு.


கல்யாண_ரீல்:

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது அக்கா. ஆனால் அவர் ஊர் வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறேன். நாலு டியூப்லைட். விடியற்காலை மூணு மணிக்கு அதிலும் ஒன்று கண் சிமிட்டும். சின்னச் சென்சார் அங்கே திணறும். தம்பி, வாடகைக்கு எடுத்து ஒரு ராத்திரி ஓட்டிப் பாருங்கள். சென்னையில் இரண்டுமே வாடகைக்குக் கிடைக்கும். அதற்குப் பிறகு எங்கள் பேச்சை எல்லாம் விட்டுவிடுங்கள்.


ஆரணிக்காரன்:

பக்கத்து ஊரில் சனிக்கிழமை கூத்து. இரண்டையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். வந்து எழுதுகிறேன்.


ஆரணிக்காரன்:

போய்ப் பார்த்துவிட்டேன். இரண்டு நாள் தூங்கி எழுந்து எழுதுகிறேன்.

எஸ்5 II-ஐ களத்துக்கு நேரே இருபதடியில் முக்காலியில் நிறுத்தினேன். 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் (எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்). ஒரு விஷயம் கண்டுபிடித்தேன், முழுச் சட்டகத்தில் 35 மி.மீ. போட்டால் எத்தனை அடி தள்ளி வைக்கிறோமோ கிட்டத்தட்ட அத்தனை அடி அகலம் உள்ளே வருகிறது. இருபதடிக் களத்துக்கு இருபதடி. அளவுநாடா தேவையே இல்லை. ஜிஎச்5-ல் 12-35 எஃப்/2.8 போட்டு ஓரமாக நானே வைத்துக்கொண்டு முகங்களை எடுத்தேன்.

முதல் பாடம் கூத்தின் துணித் திரையில் கிடைத்தது. எங்கள் கூத்தில் பெரிய வேஷம் வரும்போது இரண்டு பேர் துணித் திரையைப் பிடிப்பார்கள். வேஷக்காரர் பின்னால் நின்று பாடிக்கொண்டே கிரீடத்தின் நுனியை மட்டும் காட்டுவார், கால் சலங்கையை மட்டும் காட்டுவார். அப்புறம்தான் திரை விலகும். இரண்டு கேமராவும் ஆட்டோஃபோகஸில் துணியைப் பிடித்துக்கொண்டன. திரை விலகியதும் எஸ்5 II ஒரு நொடிக்குள் ஆளைப் பிடித்தது. ஜிஎச்5 முன்னே போய்ப் பின்னே போய் மறுபடி முன்னே போய்த்தான் நின்றது. அந்த ஒரு நொடிக்காகத்தானே ஊரே காத்திருக்கிறது? அடுத்த வேஷத்திலிருந்து இரண்டிலும் கையால் ஃபோகஸ் வைத்தேன். எஃப்/2.8-ல் களத்தின் நடுவில் வைத்துவிட்டால் முன்னும் பின்னும் போதுமான அளவு தெளிவாக இருந்தது. இருபதடியில் அதற்கு இடம் இருக்கிறது.

பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் வந்ததும் வளவன் அண்ணா சொன்ன பட்டை அப்படியே வந்தது. சின்க்ரோ ஸ்கேனில் 1/50-க்குப் பக்கத்திலேயே மெல்ல நகர்த்தினேன். ஒரு இடத்தில் பட்டை மெதுவாகி நின்றது. அங்கேயே விட்டேன்.

மூன்று மணிக்கு மேல் வெளிச்சம் இன்னும் குறைந்தது. எஸ்5 II-ல் ஐஎஸ்ஓ 4000, படம் சுத்தமாக இருந்தது. ஜிஎச்5-ல் 3200 வைத்தும் இருட்டுப் பகுதியில் எறும்பு ஊர்வது மாதிரி இரைச்சல். சூட்டுக்காக இரண்டும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பவர் பேங்க் இரண்டு தீர்ந்தது. ஜிஎச்5-க்கு பேட்டரி மாற்றும்போது ஒரு பாட்டின் நடுவே நிமிஷக்கணக்கில் விட்டுப்போனது.

முகவீணை (சின்ன நாகஸ்வரம் மாதிரி ஊதுவது) சத்தத்தில் நான் தோற்றுவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். கேமராவில் ஒலி அளவைத் தானியங்கியில் விட்டுவிட்டேன். முகவீணை ஓங்கும்போதெல்லாம் பாடுபவர் குரலை அது கீழே இழுத்துவிட்டது. தனி ரெக்கார்டர் ஒன்றை ஆர்மோனியத்துக்கும் பாடுபவருக்கும் நடுவே வைத்து, அளவைக் கையால் பூட்டிவிட வேண்டும் என்று புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தம்பி வீட்டு டிவியில் போட்டோம். பெரியப்பா டிவிக்கு இரண்டடியில் போய் நின்றார். திரையில் இருந்தது வேறு ஊர்க்காரர், ஆனால் அதே துரியோதனன் வேஷம். களம் முழுக்க வரும் அந்தச் சட்டகத்தில் முகம் உள்ளங்கை அளவுக்குக்கூட இல்லை. பெரியப்பா விரலை வைத்து எண்ணினார். வலது புருவத்துக்கு மேல் பதினொன்று, இடது பக்கம் பத்து. "ஒண்ணு வேர்வையில போயிருக்கு, அவன் பாதி ஆட்டத்துல துடைச்சிருக்கணும்" என்றார். பிறகு உட்காரவே இல்லை. விடியும்வரை நடந்த ஆட்டத்தில் இரண்டு மணி நேரத்தை நின்றபடியே பார்த்தார்.


ஒளியியல்_ஆசிரியர்:

தம்பி, பத்தடி சோபாவை வைத்துக் கணக்குப் போட்டேன். பார்க்க வேண்டியவர் இரண்டடியில் போய் நிற்பார் என்று நினைக்கவில்லை. பெரியப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.


யாழ்_வளவன்:

வாசிக்கச் சந்தோசமா இருக்கு. என்ன வாங்கப்போறியள்? வைச்ச அளவுகளையும் ஒருக்கால் எழுதிவிடுங்கோ. எங்களுக்கும் அடுத்த மாசம் வேலை ஒண்டு கிடக்கு.


ஆரணிக்காரன்:

பழைய எஸ்5 II ஒன்று கிடைத்தது. வேலூர் அண்ணனே கூட வந்து ஃபேன் ஓடுகிறதா, இரண்டு கார்டு துளையும் எழுதுகிறதா என்று ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து வாங்கித் தந்தார். அதே 35 மி.மீ. லென்ஸும் வாங்கிவிட்டேன். செல்வி அக்கா சொன்ன இரண்டாவது கேமராவுக்குக் காசு பத்தவில்லை. ஜிஎச்5-ஐ நாலு முக்கியமான ராத்திரிக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கிறேன், டம்மி பேட்டரியோடு.

அண்ணா, அளவுகள் இவைதான்: 50 ஹேர்ட்ஸ் முறை, 4கே 25 பிரேம், 10-பிட், 150 மெகாபிட், ஷட்டர் 1/50, எஃப்/2.8, வி-லாக், ஐஎஸ்ஓ 4000, வெள்ளைச் சமநிலையைக் கையால் பூட்டியது. ஆட்டோஃபோகஸ் அணைத்தது. இரண்டு கார்டும் ஒன்று நிறைந்ததும் மற்றதற்குத் தாவும்படி. முன்னிரவில் வெளிச்சம் அதிகமாக இருந்தால் எஃப்/4-க்குப் போங்கள், ஐஎஸ்ஓவைத் தொடாதீர்கள்.

பெரியப்பா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். ஆட்டத்தை மட்டும் எடுத்தால் போதாதாம். வேஷம் கட்டுவதையும், மாவு குழைப்பதிலிருந்து கடைசிக் கட்டை கட்டுவதுவரை எடுக்க வேண்டுமாம். அதற்கே மூன்று மணி நேரம் ஆகும். கோயிலுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை, உள்ளே ஒரே ஒரு மஞ்சள் பல்பு. நாளைக்குச் சாயந்திரம் கேமராவோடு போய் அந்த பல்புக்குக் கீழே எஃப்/1.8-ல் எவ்வளவு வருகிறது என்று பார்க்கிறேன்.